பில்ட் ஃபைலில் நான் போட்ட வரி

போன மாதம் கோவில்பதாகையில் எங்கள் ஃபிளாட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போனது. பாடியில் பேட்டரி கடை வைத்திருக்கும் என் பழைய நண்பனைக் கூப்பிட்டேன். சில வருடங்களுக்கு முன் அம்பத்தூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் எனக்கும் அவனுக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கோடு எழுதுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன். அவன் இன்று பேட்டரி விற்பதற்கு நான்தான் காரணம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாங்கள் எழுதியது ஒரு லைப்ரரி, அதாவது அடுத்த கம்பெனியின் புரோகிராமுக்குள் போய் உட்காருகிற கோடு. ஒரு புரோகிராமில் ஒரே சமயத்தில் பல வேலைகள் ஓடும், அவற்றுக்குத் திரெட்டுகள் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று கொஞ்சம் நினைவிடம் வேண்டும். அதை எப்படித் தேடிப்போவது என்று, நம் கோடை மெஷின் மொழிக்கு மாற்றுகிற கம்பைலருக்கு நாம் சொல்லலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் இடம் எங்கே என்று விசாரித்துக்கொண்டு போகும். மெதுவுதான், ஆனால் எங்கேயும் வேலை செய்யும். கம்பைலருக்கான கட்டளைகள் இருக்கும் பில்ட் ஃபைலில் 'இனிஷியல் எக்ஸெக்' என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் நேரே போய் எடுத்துவிடும். ஆனால் அதற்குப் புரோகிராம் கிளம்பும்போதே லைப்ரரியும் ஏறியிருக்க வேண்டும். பஸ் கிளம்பும் முன் துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி. பாதி வழியில் ஏறினால் மிச்சம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஏறவே முடியாது.

வாடிக்கையாளர் 'மெதுவாக ஓடுகிறது' என்று நச்சரித்த வாரம் அது. நண்பன் பில்ட் ஃபைலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதும் எடுப்பதுமாக இருந்தான். இதையும் போட்டான், வேகம் வந்தது, ஆனாலும் எடுத்துவிட்டான்.

"அவன் எப்ப லோட் பண்ணுவான்னு நமக்கு இன்னா தெரியும் மச்சான்? வாணாம் உடு," என்றான்.

அவன் டீ குடிக்கப் போனான். எனக்குக் கை அரித்தது. அந்த வரியைத் திரும்பப் போட்டேன். எங்கள் டெஸ்ட் எல்லாம் பாஸ். அவை லைப்ரரியை முதலிலேயே ஏற்றிக்கொள்பவை, பாஸ் ஆகாமல் என்ன செய்யும்? அவன் வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். சொல்லவில்லை. அவன் செய்த மற்ற திருத்தங்களால் வேகம் கூடியதாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

வாடிக்கையாளரோ லைப்ரரியை ஓட்டத்தின் நடுவில் ஏற்றுகிறவர். இடமில்லை என்று அது ஏற மறுத்துவிட்டது. ஒரு காலை முழுக்க அவர்கள் வேலை நின்றது. மத்தியானம் மீட்டிங்கில் மேனேஜர், அந்த வரியை யார் போட்டது என்று கேட்டார். பில்ட் மெஷினில் எல்லாருக்கும் ஒரே லாகின், பதிவிலும் எல்லா மாற்றமும் ஒரே பெயரில்தான் இருக்கும். திரெட்டுக்குத் திரெட்டு தனி இடம் கொடுத்த மேதைகள் நாங்கள், ஆளுக்கொரு லாகின் வைத்துக்கொள்ளவில்லை.

"அந்த ஃபைல்ல கை வெச்சது நான்தான் சார்," என்றான் அவன். "எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன். உட்டுட்டேன் போல கீது."

நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் என் வேலை நிரந்தரமாகியிருந்தது. அதையெல்லாம் ஒரு காரணம் என்று சொல்ல இப்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. அவனை யாரும் பெரிதாகத் திட்டவில்லை. பில்ட் வேலையிலிருந்து மட்டும் ஒதுக்கினார்கள். அதன்பின் அவன் எழுதிய ஒவ்வொரு வரியையும் என்னிடம் காட்டி, "சரியா கீதா பாரு," என்று கேட்க ஆரம்பித்தான். நானும் பெரிய மனுஷன் மாதிரி பார்த்துச் சொன்னேன். சில மாதங்களில், இந்த வேலை தனக்குச் சரிப்படாது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

போன மாதம் என் வீட்டில் பேட்டரியை மாட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். அவனே எழுதிவைத்த பட்டியல். ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்து டிக் போட்டான். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வந்தான்.

"ஏன்டா இத்தனை தடவை?"

"என் கைய நான் நம்ப மாட்டேன் மச்சான். அன்னிக்கு அந்த வரிய எடுத்துட்டேன்னு சத்தியமே பண்ணிருப்பேன். கடசீல பாத்தா அங்கியே கீது."

பாவி, இத்தனை வருடமாக இதையா சுமந்துகொண்டிருந்தான்?

"டேய், நீ எடுத்துட்டடா," என்றேன். "நீ டீ குடிக்கப் போனப்ப நான்தான் திரும்பப் போட்டேன்."

ஸ்பேனரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"மனசத் தேத்துறியா? பழைய கத மாமே, உடு."

"சத்தியமா நான்தான்டா."

"நீ போட்டிருந்தா அன்னிக்கே எழுந்து சொல்லிருப்ப. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

எதைக் காட்டி நிரூபிப்பேன்? பதிவில் என் பெயர்கூட இல்லை. அவன் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, மூன்றாவது தடவையாக முதல் இணைப்பிலிருந்து தொட்டுப் பார்க்க ஆரம்பித்தான்.