வேனுக்குச் சிக்கனமான சிலிண்டர் எது?

ஓடுகிற வண்டிக்குள் அடுப்பு வைத்துக் கொடுப்பது என் தொழில். எரிகிற வயிற்றோடு வீட்டுக்குப் போவது அதில் தினமும் கிடைக்கும் போனஸ். டெல்லி மாயாபுரியில் எங்கள் பட்டறை. டெம்போ டிராவலர் வண்டிகளுக்குள் கட்டில், தண்ணீர்த் தொட்டி, சமையல் மேடை எல்லாம் பொருத்தி கேம்பர் வேனாக்கித் தருகிறோம். கேஸ் வேலை முழுக்க என் பொறுப்பு. வாடிக்கையாளரிடம் வாயைக் கொடுத்துப் பிழைக்கும் சக பாவிகளே, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வண்டிகளில் அந்த அங்குசம், கேஸ் சிலிண்டர்.

வீடியோவில் எரிந்த அடுப்பு

குருகிராமில் ஐடி வேலை பார்க்கும் ஒரு தம்பதி வந்தார்கள். கணவன், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். தமிழ் பேசுவான், படிக்க வராது. சிலிண்டரே வேண்டாம், சென்ட் பாட்டில் மாதிரி இருக்கும் கேஸ் டப்பா போதும், வீடியோவில் பார்த்தோம் என்றார்கள். அடுப்பு மலிவு, எடையும் இல்லை. ஆனால் கிலோ கணக்கில் பார்த்தால் அந்த டப்பாவில் இருக்கும் கேஸ், சிலிண்டர் கேஸை விடப் பல மடங்கு விலை. அதோடு அது பியூட்டேன். கடுங்குளிரில் டப்பாவுக்குள்ளேயே திரவமாகக் கிடக்கும், ஆவியாகி அடுப்புக்கு வராது. இதையெல்லாம் சொன்னேன். இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

டிசம்பரில் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போனார்கள். விடிகாலையில் ஒரு டீ போடுவதற்காக, டப்பாவை ரஜாய்ப் போர்வைக்குள் வைத்து இருவரும் மாறி மாறிக் கட்டிப்பிடித்துச் சூடேற்றியிருக்கிறார்கள். திரும்பி வந்ததும், டப்பாவைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்பதுபோல் பையன் சண்டைக்கு நின்றான்: "அங்கிள், வீடியோல அவங்க பனி மேல உட்கார்ந்து பாஸ்தா பண்ணாங்களே, அது எப்படி?"

ஊதுபத்தி வாசனை

துணிக்கடை வைத்திருக்கும் இன்னொருவர், சிக்கனத்தை எனக்குக் கற்றுக்கொடுக்கவே பிறந்தவர். "கம்பெனி சிலிண்டர் எதற்கு? வா, காட்டுகிறேன்" என்று பட்டறைக்குப் பின்னால் ஒரு சந்துக்குக் கூட்டிப்போனார். பாத்திரக் கடை என்று போர்டு. உள்ளே ஒருவர் வீட்டுச் சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதிலிருந்து குட்டிச் சிலிண்டர்களுக்கு கேஸ் இறக்கிக்கொண்டிருந்தார். குட்டிச் சிலிண்டர்களில் முத்திரை இல்லை, சோதித்த தேதி இல்லை. ஒன்றின் அடிப்பாகத்தில் துரு உதிர்ந்து கையோடு வந்தது.

எல்லாவற்றையும் விட என்னைக் கலங்கடித்தது, சுவரில் இருந்த லட்சுமி படத்துக்கு முன்னால் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தி. அணைக்கச் சொன்னேன். கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எதுக்கு பாய்சாப் பயப்படறீங்க? வெடிச்சா முதல்ல போறது நான்தான். இத்தனை வருஷமா நான் போகலையே!"

எங்கள் பட்டறை வழக்கம்

நான் பரிந்துரைப்பது ஐந்து கிலோ சிலிண்டர். கிலோவுக்கு வீட்டுச் சிலிண்டரை விட விலை கூடுதல்தான். ஆனால் முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். பல ஊர்களில் காலியைக் கொடுத்து நிறைந்ததை வாங்கிக்கொள்ளலாம். கட்டிலுக்கு அடியில் நிமிர்ந்து நிற்கும். அதற்குத் தகரப் பெட்டி, வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் கதவு, பெட்டியின் தரையில் ஓர் ஓட்டை. கேஸ் காற்றை விடக் கனம். கசிந்தால் கீழேதான் தேங்கும்; ஓட்டை இருந்தால் ரோட்டில் இறங்கிப் போய்விடும். 'இந்த ஓட்டையை அடைக்காதீர்கள்' என்று இந்தியில் அச்சடித்த ஸ்டிக்கரைப் பக்கத்திலேயே ஒட்டுவேன்.

என்னோடு வேலை செய்தவன் இர்ஃபான். குழாய் வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. தமிழில் அவனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அண்ணா. ரிப்பேருக்கு எந்த வண்டி வந்தாலும் முதலில் எல்லாக் கதவுகளையும் திறந்துபோடுவான். பிறகு கால் மணி நேரம் தள்ளி உட்கார்ந்து டீ குடிப்பான். அதன் பிறகுதான் ஒரு சுவிட்சைத் தொடுவான். முதலாளிக்கு இந்த டீயும் பிடிக்காது, என் ஓட்டையும் பிடிக்காது. "நீங்க ரெண்டு பேரும் வேன் செய்யறீங்களா, இல்ல வர்ற கஸ்டமரை ஓட்டறீங்களா?"

ஊர்ப் பாசம்

லக்ஷ்மிபாய் நகரில் மகனுடைய குவார்ட்டர்ஸில் இருக்கும் ரிட்டயர்டு அதிகாரி ஒருவர், மனைவியோடு பத்ரிநாத் வரை போக வண்டி கேட்டு வந்தார். என் சட்டைப் பையில் தைத்திருந்த பெயரைப் படித்துவிட்டு "தமிழாப்பா? எந்த ஊரு?" என்றார். திண்டுக்கல் என்றேன். அவருக்கும் திண்டுக்கல். அன்றைக்கே நான் பாதி விழுந்துவிட்டேன். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். டெல்லியில் அது கொஞ்சம் அதிகமாகவே ஆடும்.

வீட்டில் இரண்டு சிலிண்டர் கனெக்‌ஷன் இருக்கிறது, ஒன்று சும்மாதான் நிற்கிறது, அதையே வைத்துவிடு என்றார். வீட்டுச் சிலிண்டர் வீட்டுக்குத்தான் சார், வண்டியில் வைப்பது தப்பு என்றேன். இரண்டு தடவை மறுத்தேன். மூன்றாவது தடவை, தன் வீட்டம்மா போட்ட ஃபில்டர் காபியை ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்தார். அந்தச் சிவப்புச் சிலிண்டர் கட்டிலுக்கு அடியில் நிற்காது, உயரம் போதாது. அதனால் வண்டிக்குள்ளேயே ஓர் அலமாரியில் நிறுத்திவைத்தேன். தரையில் ஓட்டை போட்டேன். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டவில்லை. இந்தி ஸ்டிக்கர் எதற்கு, தமிழில் வாயாலேயே சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை. காபியைக் குடித்துக்கொண்டே சொன்னேன். அவரும் தலையாட்டினார். "நீ நல்லா இருக்கணும்ப்பா. இந்த ஊர்ல நமக்கு நம்ம ஆளுகதான!"

எழுத்துப்பூர்வமாக

நவம்பர் கடைசியில் வண்டி திரும்பி வந்தது. தண்ணீர் பம்ப் ஓடவில்லை என்பது மட்டுமே புகார். அவர் ஆபீஸ் அறையில் காத்திருந்தார். வெளியே நல்ல பனிமூட்டம், வண்டிக் கதவு ஜன்னல் எல்லாம் இறுக்கமாகச் சாத்தியிருந்தது. இர்ஃபான் வழக்கம்போல் டீக்கு உட்காரப் போனான். நான்தான் தடுத்தேன். "நம்ம ஆளு வண்டிடா, ஒண்ணும் இருக்காது. ஜல்தி முடி, சார் வெயிட் பண்றார்" என்றேன். அந்த வாரம் அவனுக்குச் சளி, மூக்கு அடைத்திருந்தது. ஒரு கதவை மட்டும் திறந்து உள்ளே ஏறினான், குனிந்தான், பம்ப் சுவிட்சைப் போட்டான்.

சத்தம் பெரிதாக இல்லை. தரையோடு ஒரு நீல வெளிச்சம் ஓடியதைப் பார்த்தேன். அவனை இழுத்து வெளியே போட்டபோது இரண்டு கைகளிலும் தோல் உரிந்து தொங்கியது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து அலமாரியைத் திறந்தேன். வழியில் அவரே சிலிண்டர் மாற்றியிருக்கிறார். வாய்க்குள் இருக்க வேண்டிய வாஷர் இல்லை. தரை ஓட்டையில் ஒரு பழைய பனியன் திணித்திருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். அவர் முகம் வெளிறித்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்த வாய் அது. "அது வழியா குளிர் வருதுப்பா, எங்க வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. அடைக்கக் கூடாதுன்னு நீ எழுத்துப்பூர்வமா எதுவும் குடுக்கலையே?"

இர்ஃபான் வீட்டில்

முதலாளி அடுத்த வாரமே இர்ஃபான் இடத்தில் வேறு ஆள் வைத்துவிட்டார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் வேலை வேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

நான்கு மாதம் கழித்துத்தான் அவன் வீட்டுக்குப் போகத் துணிவு வந்தது. இடது கை தேறிவிட்டது. வலது கையில் விரல்கள் மடங்கவில்லை. ஸ்பேனர் பிடிக்க முடியாது. அவன் மனைவி சோற்றைப் பிசைந்து ஸ்பூன் போட்டு வைத்துவிட்டுப் போனாள். உட்கார்ந்ததும் அந்தப் பெரிய மனிதரைத் திட்ட ஆரம்பித்தேன். அவருடைய கஞ்சத்தனம், பனியன், படித்தும் இல்லாத அறிவு என்று இந்தியில் எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் கொட்டினேன். இர்ஃபான் முழுக்கக் கேட்டான். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னான்: "அவர் மேல எனக்குக் கோபம் இல்ல அண்ணா. அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

வண்டிக்குச் சிக்கனமான கேஸ் எது என்று யாராவது கேட்டால், வழியெல்லாம் தாபா இருக்கிறது, அங்கே இறங்கிச் சாப்பிடுங்கள் என்று மட்டும்தான் இப்போதெல்லாம் நான் பதில் சொல்கிறேன்.