கருவியை விட்டுக் கையை எடுக்கவில்லை

எங்கள் கல்லூரியின் அல்ட்ராசோனிக் கருவியை பெங்களூருக்கு எடுத்துப் போக ஓர் அதிகாரி வேனோடு வந்தபோது, நானும் என் தோழியும் பாராசிட்டமால் கரைசலில் ஒலி என்ன வேகத்தில் போகிறது என்று அளந்துகொண்டிருந்தோம். மருந்து மூலக்கூறும் தண்ணீர் மூலக்கூறும் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கின்றன என்பதை அந்த வேகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"கழட்டும்மா, வண்டி நிக்குது. இத யாரும் தொடறதே இல்லன்னு எங்க ஆபீஸ் பேப்பர்ல இருக்கு," என்றார் அதிகாரி.

"அப்ப நாங்க இன்னா சார், வேடிக்கை பார்த்துனு கீறோமா?" என்றாள் தோழி.

நான் கருவியின் திருகாணியை விடவில்லை. திருகத் திருக மீட்டரின் முள் ஏறி இறங்கும். பாதியில் நிறுத்தினால் எல்லாம் வீண். தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊரான தங்கவயலிலிருந்து எத்தனையோ மெஷின்கள் லாரி ஏறிவிட்டன. இதுவும் போனால், பழைய மாணவர்களின் அளவுகளைப் பார்த்து எழுதித்தான் நாங்கள் பாஸாக வேண்டும். எனக்கு அந்தப் பாஸ் வேண்டாம்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் அதிகாரி.

"கரைசல் முப்பது டிகிரியில நிக்கணும் சார். அப்புறம் முப்பத்தஞ்சு, நாப்பது. அடுத்த கரைசலுக்கும் அதேதான். சனிக்கிழமை ஆயிடும்."

"சனிக்கிழமையா!"

நான் சொன்னது பொய்யில்லை. ஒழுங்காகச் செய்தால் அவ்வளவு நாள் ஆகும். அவர் போனில் யாரிடமோ, "மெஷின் ஓடிட்டிருக்கு சார், பொண்ணுங்க கைய எடுக்க மாட்டேங்குதுங்க," என்று புலம்பிவிட்டு, காலி வேனில் கிளம்பினார்.

திரும்பி வருவார். வரட்டும். அடுத்து அளக்க, காசநோய் மருந்தை எடைபோட ஆரம்பித்துவிட்டோம்.