சந்தனப் பொட்டு வைத்த ஹார்டு டிஸ்க்

பதினான்கு வருடங்களாக ஒரே நாற்காலி. திருவண்ணாமலை பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. பொறுப்பு என்றால் பெரிதாகத் தோன்றும். எடுத்த படங்களைச் சேமிப்பது, ஐந்து வருடம் கழித்து அழிப்பது, இவ்வளவுதான். சேமித்ததற்கு யாரும் பாராட்டியதில்லை, அழித்ததற்கு யாரும் கேட்டதில்லை.

ஒரு வருடத்துப் படங்களுக்கும் ரிப்போர்ட்டுகளுக்கும் சேர்த்து ஒரு ஹார்டு டிஸ்க். ஐந்து வருடம் தாண்டிய டிஸ்க்கைப் பொங்கலுக்கு முன்னால் காலி செய்து, புது வருடத்துப் படங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் போகிக்குப் பழையதைக் கழிப்பதும் நான்தான், இங்கே கழிப்பதும் நான்தான். இரண்டிலும் கை வலிதான் மிச்சம்.

எங்கள் சென்டரில் ஆயுத பூஜை தடபுடலாக நடக்கும். மெஷினுக்கு மாலை, கீபோர்டுக்குப் பொட்டு. டிஸ்க்குகளையும் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்துவிடுவோம். ஒரு வருடம் பொட்டு வைத்தது நான். வருடம் எழுதி ஒட்டிய காகிதத்தின் மேலேயே சந்தனத்தையும் குங்குமத்தையும் தாராளமாக அப்பினேன். வேறு இடமா இல்லை? பக்தி ஜாஸ்தியானால் கண் மறைத்துவிடும் போலிருக்கிறது. மறுநாள் ஈரத்துணியால் துடைத்தபோது மையும் சேர்ந்து வந்துவிட்டது. இரண்டு டிஸ்க்குகளில் கடைசி எண் கரைந்து போயிற்று. ஒன்று எட்டில் முடியும் வருடம், மற்றது ஒன்பதில் முடிவது. எது எதுவென்று தெரியவில்லை. பிறகு பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று அடுக்கி வைத்தேன். எழுதவில்லை.

போகிக்கு முந்தைய நாள் அழிக்க உட்கார்ந்தேன். மார்கழிப் பனிக்கு இருமல்காரர்கள் காலையிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு படத்தைத் திறந்து தேதியைப் பார்த்திருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். பார்க்கவில்லை. அலுப்பு. அந்த இரண்டில் அடியில் இருப்பதுதான் பழசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆம் என்று அழுத்தினேன். அன்றைக்கே அதில் புதுப் படங்கள் ஏறத் தொடங்கிவிட்டன.

தை முடிவதற்குள் பக்கத்திலுள்ள அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நிலத்தில் சாமந்தி போடுகிறவர். புது ஸ்கேனில் அவருடைய நுரையீரலில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி தெரிந்திருந்தது. முன்பு எங்களிடம் எடுத்த படத்திலும் அது அதே அளவில் இருந்தால் பயமில்லை, விட்டுவிடலாம். இல்லையென்றால் புற்றுநோயா என்று ஊசி குத்திப் பார்க்க வேண்டும். மருத்துவர் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார். எந்த வருடம் எடுத்தோம் என்று பெரியவருக்கு நினைவில்லை. நான் பதிவேட்டைப் பார்த்தேன். ஒன்பதாம் வருடம். ஐந்து வருடம் ஆக இன்னும் சில மாதங்கள் இருந்தன.

எண் கரைந்த இரண்டில் மிச்சமிருந்த டிஸ்க்கைப் போட்டுத் திறந்தேன். அழிய வேண்டிய எட்டாம் வருடம் ஒரு குறையும் இல்லாமல் அதில் இருந்தது. நான் அழித்தது ஒன்பதை.

"அஞ்சு வருஷம் ஆனா அழிச்சிடணும்னு ரூல் இருக்குதுங்க" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் படத்துக்கு ஐந்து வருடம் ஆகவில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

"பரவால்லம்மா" என்றார். "எங்க வீட்லயும் போகிக்குப் பழசோட பழசா பிலிமையும் ரிப்போர்ட்டையும் கொளுத்திட்டாங்க. உங்கள சொல்லி இன்னா பண்றது."

அவர் வேலூருக்குப் போய் ஊசி குத்திக்கொண்டார். நுரையீரலிலிருந்து காற்று கசிந்து பத்து நாள் படுத்துக் கிடந்தாராம். கடைசியில் புற்றுநோய் இல்லை என்றார்கள். அந்தச் செய்தி வரும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் மகன் பிறகு சொன்னார். எனக்கும் சரியாக இறங்கவில்லை. ஆனால் எனக்கு யாரும் ஊசி குத்தவில்லையே.

அடுத்த வருடம் மறுபடி ஸ்கேன் எடுக்க வந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. படம் எடுத்து முடித்ததும் என் மேசைக்கு வந்தார்.

"இத எத்தினி வருஷம் வெச்சிருப்பீங்கம்மா?"

"அஞ்சு வருஷம்ங்க."

"அது போதும். அதுக்கு மேல எனக்கு எதுக்கு?" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் படம் இருக்கும் டிஸ்க்கின் எண்ணை மூன்று இடங்களில் எழுதி வைத்திருக்கிறேன். பூஜைக்கு இப்போதெல்லாம் மேசைக்குத்தான் பொட்டு. அவர் மறுபடி வந்த அன்றைக்காவது நடந்ததை அவரிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவர் ரசீதை மடித்துப் பையில் வைக்கும்வரை காத்திருந்தேன். பிறகு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.