பிளாஸ்மாவும் வெந்நீர் வாளியும்

மகள் பிறந்த மூன்றாம் நாள் காலையிலிருந்து அவள் தொப்புளில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. பஞ்சு வைக்க வைக்க நனைந்தது. ஊசி போட்டும் நிற்கவில்லை. கோவில்பட்டியில் நாங்கள் இருந்தது சின்ன ஆஸ்பத்திரி. டாக்டரம்மா, “பிளாஸ்மா ஏத்தணும். ரத்தத்துல இருந்து பிரிச்சு, ஐஸாக்கி வச்சிருப்பாங்க. தூத்துக்குடியில சொல்லிட்டேன், உடனே போய் எடுத்துட்டு வாங்க” என்றார். என் வீட்டுக்காரர் கார் பிடித்து ஓடினார்.

மதியம் வந்தவர், தெர்மாகோல் பெட்டியை என் அக்கா கையில் கொடுத்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனார். அவ்வளவு நேரம்தான். அக்கா பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த பிளாஸ்மா பையைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாக இருந்தது.

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கம் பச்சைத் தண்ணீரைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டார்கள். என்னைக் குளிப்பாட்ட அக்கா ஆவி பறக்க வெந்நீர் வைத்திருந்தாள். “இந்தக் குளிர்ச்சிய அப்படியே ஏத்துனா பச்சப்பிள்ளைக்குச் சன்னி வந்துராதா?” என்று பையைத் தூக்கி அந்த வாளிக்குள் போட்டாள். “டாக்டர்ட்ட கேளுக்கா” என்று கட்டிலில் இருந்து கத்தினேன். கேட்டால்தானே!

பையைப் பார்த்ததும் டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. “இதை இனி ஏத்த முடியாதும்மா. இவ்வளவு சூட்டுல ரத்தத்தை நிறுத்துற சத்தே போயிரும்.”

வீட்டுக்காரர் மறுபடி காரில் ஏறினார். நான் அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். “எம் பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஒம் மூஞ்சில முழிக்க மாட்டேன்” என்றேன். அவள் குழந்தை இருந்த அறை வாசலில் போய் நின்றுகொண்டாள். உள்ளே நர்ஸ் தொப்புளை அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். மகள் அழுவதை நிறுத்தியிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டாவது பெட்டியை வீட்டுக்காரர் நர்ஸ் கையைத் தவிர வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. உடம்புச் சூடு அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் அதை மெதுவாக இளக விட்டார்கள். மஞ்சளாக, மோர்த் தெளிவு போல இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். பொழுது சாய்வதற்குள் கசிவு நின்றது. மகள் வீறிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

அப்புறம் அக்கா என்னைக் குளிப்பாட்ட வந்தாள். அதே வாளி. முந்தின நாள் சூடு தாங்காமல் நான் கத்தியும் காதில் வாங்காமல் ஊற்றியவள், இப்போது ஒவ்வொரு செம்புக்கும் தன் கையை விட்டுப் பார்த்துக்கொண்டு ஊற்றினாள்.

“சூடு சரியா இருக்காடி?”

“இன்னுங் கொஞ்சம் சூடா ஊத்துக்கா” என்றேன்.