அவிழாத காப்பு

அம்மாவின் கருமாதிக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "பூ மாதிரி மனுசி. ஒரு எறும்பக்கூட மிதிச்சிருக்க மாட்டாங்க." நான் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே தலையாட்டினேன். எறும்பை அவள் மிதித்ததில்லை என்பது உண்மைதான். மனிதர்கள் விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

இலங்கை மலையகத்தில் திம்புள்ளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். அம்மாவுக்குப் பகலில் கொழுந்து பறிக்கிற வேலை, அந்தியில் மாரியம்மன் கோயில், அதற்குப் பிறகு அடிபட்ட பெண்கள். சம்பள நாளில் கசிப்புச் சாராயம் உள்ளே போனால் லயத்து வீடுகளில் எவளுடைய உதடாவது கிழியும். அம்மா மஞ்சளும் கிழிந்த சீலைத் துணியுமாகக் கிளம்பிவிடுவாள். யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. திருவிழாவுக்குச் சோறாக்குவதும் அப்படி அவளாக எடுத்துக்கொண்ட வேலைதான். "ஒங்கம்மா தோட்டத்துக்கே ஆஸ்பத்திரி. எனக்குத்தான் ஒரு தலவலி மாத்திர கெடையாது," என்பார் அப்பா.

பக்கத்துக் காம்பிராவில்தான் அடி அதிகம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் வீட்டுக்காரன் பெண்டாட்டியின் தலையை மோதினால் இந்தப் பக்கம் எங்கள் சாமி படம் ஆடும். ஒருநாள் படம் விழுந்து உடைந்தது. போய்ப் பார்த்தால் அவள் கையும் உடைந்திருந்தது. போலீசுக்குச் சொன்னோம். எச்சரித்து அனுப்பினார்கள். திரும்பி வந்து, சொன்னதற்கும் சேர்த்து அடித்தான்.

"அடுத்த தடவ கொன்னுருவான்க்கா," என்றாள் அவள், அடுப்புக்கு நெருப்பு கேட்பது போன்ற குரலில்.

தொண்ணூறுகளின் கடைசி. அந்த வருஷத் திருவிழாவில் அம்மா பூசாரியிடம் சொல்லி அவளுக்குக் காப்பு கட்ட வைத்தாள். எங்கள் தோட்டத்து முறை அது. மஞ்சள் நூலைக் கையில் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை அந்த ஆள் ஆத்தாளுக்குச் சொந்தம். படுக்கை கோயிலிலேயே. யாரும் மேலே கை வைக்கக் கூடாது.

கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்த நான் லீவில் வந்திருந்தேன். கொழும்பிலிருந்து வந்ததால் எனக்கு எல்லாவற்றிலும் அபிப்பிராயம் இருந்தது.

"திருவிழா முடிஞ்சதுக்கு அப்புறம்?"

"அத ஆத்தா பாத்துக்குவா. நீ வெங்காயத்த உரி."

தேருக்கு முதல் நாள் மத்தியானம் அவன் கோயிலுக்கு வந்தான். கையில் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி. அம்மா சோற்று அண்டாவுக்கும் அவனுக்கும் நடுவே போய் நின்றாள். அண்டாவுக்குப் பின்னால் அவன் பெண்டாட்டி.

"எம் பொண்டாட்டிய அனுப்புங்க."

"இப்ப ஒனக்குப் பொண்டாட்டி இல்ல தம்பி. ஆத்தா புள்ள அவ. கத்திய வெளிய வச்சிட்டு வா, சோறு போடுறேன்."

கத்தி வீசிய சத்தம்கூடக் கேட்கவில்லை. அம்மாவின் வலக்கை முழங்கைக்குக் கீழே பிளந்து, வெள்ளைச் சோற்றில் ரத்தம் கொட்டியது. அம்மா இடக்கையால் பெரிய அகப்பையைத் தூக்கி அவன் வாயில் ஒரு போடு போட்டாள். பல் ஒன்று தெறித்துப் பருப்பில் விழுந்தது. சினிமாவில் மகன் பாய வேண்டிய இடம் இது. நானும் பாய்ந்தேன். அம்மா ஓங்கிய இரண்டாவது அடி என் நெற்றியில் இறங்கியது. வெங்காயத் தோலில் மல்லாந்து கிடந்த என்னை, அவனைப் பிடிக்க ஓடிவந்த அத்தனை பேரும் ஒழுங்காக மிதித்துக்கொண்டு போனார்கள். ஆனாலும் அவன் தப்பிவிட்டான்.

கோயிலில் ரத்தம் விழுந்தால் தீட்டு. மேளம் நின்றது. மறுநாள் தேரும் இல்லை என்றானது. கோயில் தலைவர் கத்தினார்.

"எல்லாம் ஒங்களால! அந்தப் புள்ள காப்ப அவுத்து வீட்டுக்கு அனுப்புங்க!"

அவள் மணிக்கட்டை மார்போடு பொத்திக்கொண்டாள். வீட்டுக்கு என்றால் எங்கே என்று எல்லாருக்கும் தெரியும்.

அம்மா துணி சுற்றிய கையோடு எழுந்தாள். துணியிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"திருவிழா முடியாம காப்ப எப்பிடி மாமா அவுக்கிறது?"

தலைவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி தாடியைச் சொறிந்தார். "மொற இல்லதான்."

"அப்ப தீட்டக் கழிச்சுட்டு முடிச்சிருவோம்," என்றார் தலைவர்.

"கழிக்கலாமே. ரத்தம் சிந்த வச்சவன் ஊரு முன்னால ஆத்தா கால்ல விழணும். அதுவும் மொறதானே சாமி?"

பூசாரி அதற்கும் தாடியைத்தான் சொறிந்தார். விழ வேண்டியவன் பட்டிப்பொலப் பக்கம் ஓடியிருந்தான். திருவிழா அப்படியே தொங்கிப்போனது. நூலும் அவள் கையிலேயே இருந்தது. கோயிலைப் பூட்டியதால் அவள் எங்கள் காம்பிராவுக்கு வந்தாள். அவளுக்குப் பாய் கிடைத்தது. எனக்குக் கொழுந்துச் சாக்கு.

சில மாதம் கழித்து, நான் மறுபடி லீவில் இருந்தபோது, அவன் வந்தான். குடித்திருக்கவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது. கோயில் பக்கம் போகாமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்து அவள் கையைப் பிடித்தான். நூலைச் சுண்டி இழுத்து அறுத்தான்.

"இப்ப காப்பு இல்ல. நட."

அதுவரை குரல் உயர்த்தியே நாங்கள் கேட்டிராத பெண் குனிந்து அவன் கையைக் கடித்தாள். அவன் மற்றக் கையால் அவள் முதுகில் குத்தினான், முடியைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. நானும் அப்பாவும் பிரித்தபோது அவள் வாயெல்லாம் ரத்தம்.

"நூலு போனா போவுது," என்று துப்பினாள். "நான் வர மாட்டேன்."

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். கை தொங்கியது. அம்மா கிழிந்த சீலையை எடுத்து அதில் இறுக்கிச் சுற்றி, சட்டைக் கழுத்தைப் பிடித்து அவனைத் தூக்கினாள்.

"எந்திரிடா நாயே. டிஸ்பென்சரி மூடிருவாங்க."

தோட்டத்து ரோடு முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே, தைத்த கையால் தாங்கிப் பிடித்து அழைத்துப் போனாள். கடித்தவள் எங்கள் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள்.