பஞ்சர் கடையில் ஓர் இத்தாலியச் சாவு

உத்திரமேரூர் ஏரிக்கரையோரம் கார் பஞ்சர். கடைக்காரர் டயரைக் கழற்றுகிறார். நான் கார்க் கதவுகளைத் திறந்துவைத்து ஓர் இத்தாலிய ஆப்பராவை, அதாவது இசை நாடகத்தை, உரக்க வைக்கிறேன். ஊரும் கொஞ்சம் உலக இசை கேட்கட்டுமே என்ற பெருந்தன்மைதான். நாயகி விஷம் குடித்துவிட்டாள். வயலின்கள் படைபோல முழங்க, சாகாமல் பாடிக்கொண்டே இருக்கிறாள்.

லுங்கி கட்டிய ஒருவர் ரோஜா மாலையோடு வந்து நிற்கிறார்.

“யார் சார் தவறிட்டது? மைக் செட்டுல அழுவுற சத்தம் கேட்டுது.”

“இது பாட்டுங்க. காதலுக்காகச் சாகுற பொண்ணு பாடுறா. அப்பா ஒத்துக்கல.”

“பையன் வேற ஆளுங்களா?”

“அப்படித்தான்.”

“அப்பன் இன்னா பண்றான்?”

“இப்ப அழுதுகிட்டே பாடுவார். அதுதான் உச்சக்கட்டம்.”

“இங்கயும் அப்டித்தான் சார். உசுரோட கீறப்ப கண்ணாலம் பண்ணி வெக்க மாட்டானுங்க. செத்தா ஊர்லயே பெரிய மைக் செட்டா கட்டுவானுங்க.”

தந்தையின் கனத்த குரல் எழுகிறது. எனக்குப் புல்லரிக்கிறது. லுங்கிக்காரர் மாலையைக் கார் பானட்டின்மேல் வைக்கிறார்.

“சாவுக்கு வாங்குனத வூட்டுக்கு எட்துகினு போவக் கூடாது. அந்தப் பொண்ணுக்கே இர்க்கட்டும். அப்பன் பாடுறத மட்டும் நிறுத்திடு சார்.”