களப்பு பச்சை பிடித்த நாள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆளை ஏய்க்கிற படிப்பில் மட்டும் அதற்கு முதலே பாஸ். எட்டு வயதில் நான் ஏய்த்த ஆள் என் அத்தான், அக்காவின் புருசன். நினைத்தால் இப்போதும் முகம் கூசுகிறது.

அத்தான் துணுக்காய் ஊர்க் கமக்காரன்; வயலும் குளமும் தெரியும், கடல் தெரியாது. பிள்ளைத்தாச்சியாய் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா இறால் கேட்டாள். முல்லைத்தீவில் இறாலுக்கா பஞ்சம்? கடல்தொழில் செய்த எங்கள் தகப்பன், ஐயா, கொண்டுவந்து கொட்டியிருப்பார். அக்காவோ, "இவர் பிடிச்சுக்கொண்டு வாறதைத்தான் தின்னுவன்" என்று நின்றாள். அத்தானும் குளத்தில் வீசிப் பழகிய வலையும் பிடித்ததைப் போட ஓலைப் பறியுமாய், வழி காட்ட என்னைக் கூட்டிக்கொண்டு கடலை ஒட்டிய உப்புத்தண்ணீர்க் களப்புக்கு வந்தார்.

மழை விட்டு வெயில் எறித்த நாட்கள். களப்பின் ஒரு பக்கம் பச்சை பிடித்துக் கலங்கிக் கிடந்தது. கடல் உள்ளே ஏறும் பக்கம் கால்விரல் தெரியும் தெளிவு. இறால் பச்சைக்குத்தான் வரும் என்பது எங்கள் கரையில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும்.

"எதுக்குள்ள வீசிறது, தம்பி?"

"தெளிஞ்ச தண்ணிக்குள்ள, அத்தான். பச்சை ஊத்தையெல்லோ."

"ஓமோம், குளம் பச்சை பிடிச்சா எங்கட மாடும் வாய் வையாது" என்று தலையாட்டினார்.

உச்சி வெயில் வரை வீசினார். வந்தது மணலும் ஒரு நண்டும். நான் கரையோரக் கண்டல் மரங்களின் மறைவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அக்கா சட்டியைக் கழுவி வைத்துக் காத்திருந்தாள். வெறும் பறியைப் பார்த்ததும் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். அத்தான் வலை வீசின இடத்தைச் சொன்னார்.

"தெளிஞ்ச தண்ணிக்குள்ள வீசினனீரோ? ஆர் சொன்னது, மருமோன்?" என்று ஐயா கேட்க, முற்றத்தில் நின்ற சனம் சிரித்தது. அத்தான் என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஒருத்தரும் சொல்லேல்ல, மாமா. நானாத்தான் நினைச்சனான்."

நான் அக்காவின் பின்னால் ஒதுங்கினேன்.

மறுநாள் விடிய அவர் என்னைத் திரும்பவும் கூட்டிப்போனார். ஒரு சொல் ஏசவில்லை. பச்சைத் தண்ணீரைச் சோடாப் போத்தலில் மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தார். உள்ளே தூசிபோல ஏதோ மிதந்தது.

"இறால் ஏன்டா இதுக்கு வருது?"

"தெரியாது அத்தான். எங்கட ஆக்கள் இப்பிடிப் பாத்துத்தான் வீசுவினம்."

போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஊத்தையில்லை, பயிர். மழைத் தண்ணி வயல் எருவும் பசளையும் கொண்டு வந்திருக்கு, வெயில் வளர்க்குது. இதை மேயச் சின்னன் வரும், சின்னனைத் தேடிப் பெரிசு வரும். பெரிய கடலும் இப்பிடித்தான் சீவிக்குது போல."

அன்று பறி நிறைந்தது. அக்கா இரண்டு தரம் சோறு போட்டுத் தின்றாள். நான் செய்தது அத்தானுக்கு விளங்கவில்லை, அதனால்தான் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டேன். ஒரு போத்தல் தண்ணீரில் கடலையே வாசித்த மனிதரை மடையன் என்று நம்பி, அவர் தன் சோற்றுக் கோப்பையிலிருந்து எனக்கு எடுத்து வைத்த பெரிய இறாலையும் தின்றேன்.